சுற்றமும் நட்பும் சூழ ஒரு மடிக்கணினி

வேலப்பன்சாவடியில் கல்லூரிப் பேருந்துகள் திரும்பும் இடத்தில் ரெனிதா ஜெராக்ஸ் என்று ஒரு கடை இருக்கிறது. ரெனிதா கல்யாணமாகி ஓசூருக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. கடையில் உட்கார்ந்திருப்பது அவளுடைய அம்மா ஆரோக்கியம்மாள். வயது நாற்பத்தொன்பது. பூந்தமல்லியில் பத்தாவது வரை படித்து, தட்டச்சில் லோயர் தேறி, இருபத்தாறு வருடமாக அடுத்தவர்கள் எழுதிக் கொடுப்பதைத் தட்டிக்கொண்டிருப்பவர். வாடகை ஒப்பந்தம், மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் அந்த வட்டாரத்தில் வெளியே வரும். ஆங்கிலமும் மின்னல் வேகத்தில் அடிப்பார். அர்த்தம் கேட்டால், "அது எழுதுனவங்க பாடு" என்பார்.

தமிழ் அப்படியில்லை. தமிழில் கொடுத்தால் படித்துப் பார்ப்பார். படித்தால் திருத்துவார். ஒருமுறை ஒரு கல்லூரிப் பேராசிரியர் முந்நூறு பக்க ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் போக, இரண்டாம் இயலில் வந்த நாலு பக்கம் ஐந்தாம் இயலில் அப்படியே திரும்பி வருவதைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டார். வாங்க வந்தவரிடம், "சார், ஒரே விசயம் ரெண்டு தபா வந்துகீது. ஒண்ணத் தூக்கிட்டேன்" என்று நல்ல செய்தி போலச் சொன்னார். பேராசிரியர் கடை வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பக்கக் கணக்கு குறைந்துவிட்டதாம்.

இந்த ஆரோக்கியம்மாளின் கடைக்குப் போன வருடம் ஜூலை மாதத்தில் ஒரு நாள் ஜெயப்பிரியா டீச்சர் வந்தார். அயனம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இத பெருசா ஒரு பிரின்ட் போடுங்க. ஹெச்.எம். விளக்கக் கடிதம் கேக்குறாரு, அதோட சேத்து வைக்கணும்" என்றார்.

படத்தில் பச்சை நிறத்தில் பொம்மை போல ஒரு சின்ன மடிக்கணினி. அதன் திரையில் இப்படி எழுதியிருந்தது:

"குழந்தையைக் கொல்லவா? ஆம். இல்லை. எல்லாக் குழந்தைகளையும்."

ஆரோக்கியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இன்னா டீச்சர் இது? எவன் எழுதுனான் இத?"

"எவனும் எழுதல. அதான் பிரச்சனை."

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து விவரம் சொன்னார். உலகம் முழுக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கென்று மலிவாகச் செய்கிற மடிக்கணினி அது. விழுந்தால் உடையாது, கரண்ட் போனாலும் வெகுநேரம் ஓடும். ஒரு தொண்டு நிறுவனம் பன்னிரண்டைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தது. படம் வரைய, கணக்குப் போட, கதை எழுத எல்லாம் உள்ளேயே இருந்தது. ஆனால் அதன் தமிழை யாரோ ஒரு புண்ணியவான் இயந்திரத்தை விட்டு மொழிபெயர்க்க வைத்திருந்தார். ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கினால், தொடங்கப்பட்டதைக் 'குழந்தை' என்பது கணினிக்காரர்களின் வழக்கம். அது மாட்டிக்கொண்டால் நிறுத்திவிடலாமா என்று கேட்கும். அந்தக் கேள்விதான் எட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் இப்படி வந்து நின்றது. ஒரு பெண் வீட்டுக்குப் போய், "கம்ப்யூட்டர் எங்களையெல்லாம் கொன்னுடவான்னு கேட்டுச்சு. டீச்சர் 'ஆம்'னு அமுக்கிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் அவளுடைய அப்பா வந்து நின்றார். தலைமையாசிரியர் ஜெயராமன் பன்னிரண்டு மடிக்கணினிகளையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கம்பெனிக்காரன்கிட்ட சொல்லி மாத்தச் சொல்றது தானே?" என்றார் ஆரோக்கியம்மாள்.

"கம்பெனின்னு ஒண்ணு இல்லக்கா. இது கட்டற்ற மென்பொருள். யாரோடதும் இல்ல, எல்லாரோடதும்."

"பொறம்போக்கா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "கிட்டத்தட்ட."

"ஏரிப் பொறம்போக்குல எவ்ளோ ஊடு கீது பாத்தீங்கல்ல? இதையும் எவனாச்சும் வளைச்சுப் போட்டுடுவான்."

"வளைக்க முடியாது. யார் வேணா உள்ள போகலாம், திருத்தலாம். ஆனா திருத்துனத எல்லாருக்கும் குடுத்துடணும். அதான் சட்டம்."

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற வார்த்தை ஆரோக்கியம்மாளை என்ன செய்திருக்கும் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரின்ட் போட வந்த டீச்சரை அன்று ஆறு மணி வரை அனுப்பவில்லை. அந்த மென்பொருளை மொழிபெயர்க்கிற இணையதளத்தில் டீச்சர் தனக்கு ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்த பிறகுதான் விட்டார்.

வேலை இப்படி நடந்தது. ஆங்கில வாக்கியத்துக்கு அர்த்தம் என்ன, அது திரையில் எப்போது வரும் என்று டீச்சர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஆள் வராது. அந்த நேரத்தில் ஆரோக்கியம்மாள் அதைக் கேட்டுத் தமிழில் எழுதுவார். எழுதியது நேராக மடிக்கணினிக்குப் போய்விடாது. நடுவில் ஒருவர் பார்த்து 'சரி' போட வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். பெயர் ஞானசேகரன், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். இயந்திரத் தமிழ் வருவதற்கு முன் அந்த மென்பொருளில் நூறு வார்த்தைகளைத் தனி ஆளாக மொழிபெயர்த்து வைத்திருந்தவர்.

ஆரோக்கியம்மாள் முதலில் கை வைத்தது அந்த நூறில் ஒன்றில். 'வெளியேறு' என்ற பொத்தானை எடுத்துவிட்டுப் 'போதும்' என்று போட்டார். மறுநாள் குறிப்பு வந்தது.

"வணக்கம் சகோதரி. 'போதும்' என்பது பந்தியிற் சொல்லும் சொல். கணினிக்கு 'வெளியேறு' என்பதே தக்கது."

ஆரோக்கியம்மாள் பதில் எழுதினார்: "ஐயா, உங்கள் 'வெளியேறு'வைப் படித்துவிட்டு எங்கள் பள்ளியில் மைதிலி என்ற மூன்றாம் வகுப்புப் பெண் எழுந்து வகுப்புக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்."

மூன்றாம் நாள் ஒரு வரி.

"எவ்வளவு நேரம் நின்றவள்?"

"சாப்பாட்டு மணி அடிக்கும் வரை ஐயா. என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லையாம்."

'போதும்' ஏற்கப்பட்டது.

அடுத்த சண்டை 'சுட்டி'. கணினியோடு வாலும் உடம்புமாக இருக்கும் அந்த மவுஸுக்குத் தமிழில் சுட்டி என்று பெயர் உண்டு. புத்தகத்திலும் அப்படித்தான். ஆனால் அயனம்பாக்கத்தில் சுட்டி என்றால் குறும்புக்காரப் பிள்ளை. "சுட்டியை இழுத்துப் பெட்டிக்குள் விடவும்" என்று, மடிக்கணினிகளைப் பூட்டுவதற்கு முன் ஒரு நாள் திரையில் வந்தபோது, மூன்றாம் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து தமிழரசு என்பவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள் பாதி இறக்கிவிட்டார்கள். ஜெயப்பிரியா வந்து மீட்டபோது அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். இதையும் ஆரோக்கியம்மாள் விவரமாக எழுதி அனுப்பினார். 'மவுஸ்' என்று மாற்ற அனுமதி கிடைத்தது. அதற்குக் கீழே ஞானசேகரன் எழுதியிருந்த குறிப்பு: "மிகுந்த மனவருத்தத்துடன் ஏற்கப்பட்டது."

குழந்தைக் கொலை ஒழிந்தது. வேலையைப் பாதியில் நிறுத்தும் பொத்தானில் 'கருக்கலை' என்றிருந்தது 'விட்டுவிடு' ஆனது. அதை டீச்சர் தலைமையாசிரியரிடம் காட்டவே இல்லை. திருத்திய பட்டியலைப் பார்த்துவிட்டு ஜெயராமன் பீரோவைத் திறந்துவிட்டார், மனசில்லாமல்தான். ஆள் கண்டிப்பானவர். ஐம்பத்து நாலு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சட்டைப் பையில் சாவி இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கணினியில் ஏதாவது பழுதானால் வருவது. இயந்திரத் தமிழில் அது "எதிர்பாராத மரணப் பிழை நிகழ்ந்துள்ளது" என்றிருந்தது. ஆரோக்கியம்மாள் டீச்சருக்குப் போன் போட்டார்.

"இது வந்துச்சுன்னா புள்ளைங்க இன்னா பண்ணும் டீச்சர்?"

"அழும். தானேதான் ஒடைச்சிட்டோம்னு பயந்துக்கும். சிலது மூடி வச்சிட்டுத் தொடவே தொடாது."

போனை வைத்துவிட்டு அவர் ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடித்தார்: "எங்கேயோ கோளாறு. உன் மேல் தப்பில்லை. இன்னொரு தடவை செய்து பார்."

ஞானசேகரன் கேட்டார்: "சகோதரி, மூலத்தில் 'உன் மேல் தப்பில்லை' என்று இல்லையே?"

"இல்லைதான் ஐயா. இருந்திருக்க வேண்டும்."

எந்தக் குறிப்பும் இல்லாமல் ஏற்கப்பட்டது. இருபத்தாறு வருடத்தில் அடுத்தவர் எழுதாததை, தானாக எழுதி அடித்த முதல் வாக்கியம் அதுதான் என்று ஆரோக்கியம்மாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "எளுதி இன்னா, அதுல என் பேரா போட்டுக்கீது" என்று ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் துடைக்கப் போய்விட்டார்.

இனி வருவது விபத்து.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்பத்தூர் மனோகரன் என்பவர் தன் மகள் கல்யாண அழைப்பிதழை அடிக்கக் கொடுத்திருந்தார். அதே மதியம் மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் பாக்கி. ஒரு பிள்ளை தான் வரையும் படத்தில் சேர்ந்து வரைய இன்னொரு மடிக்கணினியில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டால், அந்தப் பிள்ளையின் திரையில் வர வேண்டிய அழைப்பு. ஆரோக்கியம்மாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, இங்கே வெட்டி அங்கே ஒட்டி வேலை செய்துகொண்டிருந்தார். நடுவில் ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எடுக்க ஒரு கூட்டம் வந்து கவுண்ட்டரை மொய்த்தது. கூட்டத்தைச் சமாளித்துத் திரும்பி வந்து, ஒட்ட வேண்டியதை ஒட்டி, அனுப்ப வேண்டியதை அனுப்பினார். இடம்தான் மாறிப்போயிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஞானசேகரன் அன்று மாலை திறந்து பார்த்தார். நாலு மாதமாக 'போதும்', 'மவுஸ்' என்று வந்துகொண்டிருந்த இடத்தில் இது இருந்தது:

"தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, மணமக்களை வாழ்த்தி, அறுசுவை விருந்துண்டு மகிழுமாறு அன்புடன் அழைக்கிறோம்."

அவர் 'மணமக்களை' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. கவனிக்கும் நிலையில் இல்லை. அதைப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். 'சரி' போட்டுக் கீழே எழுதினார்: "அருமை! அருமை! இதைத்தான் சகோதரி நான் உங்களிடமிருந்து எதிர்பார்த்துக் கொண்டிருந்தனான்." ஆரோக்கியம்மாள் இதைப் பார்த்துவிட்டு, சாதாரண வரிக்கு இந்த மனுசன் ஏன் இவ்வளவு குதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை புதிய தமிழ்த் தொகுப்பு வெளிவந்தது. அன்று சாயங்காலம் ஜெயப்பிரியா டீச்சர் தன் கைப்பேசி இணைப்பை வைத்துப் பன்னிரண்டு மடிக்கணினிக்கும் அதை ஏற்றினார். வியாழக்கிழமை அவருக்கு வெளியே பயிற்சி வகுப்பு. மூன்றாம் வகுப்பைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால், ஆளுக்கொரு மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுப் பேப்பர் படித்தார்.

அன்று முழுக்கப் பிள்ளைகள் ஒருவரையொருவர் படம் வரையக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் கல்யாண அழைப்பு வந்தது. மாலையில் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் கையில் ஜெயராமனே கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது: "நாளை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெற்றோர் அனைவரும் தவறாமல் பள்ளிக்கு வரவும். இப்படிக்கு, தலைமையாசிரியர்." அது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கான சீட்டு. மாதா மாதம் கொடுப்பதுதான், மாதா மாதம் நாலு பேர் வருவார்கள்.

அன்று ராத்திரிக்குள் அயனம்பாக்கத்துக்குத் தெரிந்துவிட்டது. ஹெச்.எம். சாருக்குக் கல்யாணம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மனோகரன் அழைப்பிதழ் புரூஃபோடு ரெனிதா ஜெராக்ஸுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"இன்னாம்மா இது? படிச்சுப் பாத்துதான் அடிச்சியா?"

ஆரோக்கியம்மாள் வாங்கிப் பார்த்தார். பிள்ளையார் சரியாக இருந்தார். பெற்றோர் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் சரி. அதற்குக் கீழே பொன்னெழுத்தில் இருந்தது: "உன் சிநேகிதன் கூப்பிடுகிறான். ரெண்டு பேரும் சேர்ந்து வரையலாம்."

"எம் பொண்ணு கல்யாணத்துல சிநேகிதன் எதுக்கும்மா கூப்புடுறான்?" என்றார் மனோகரன். "சம்பந்தி ஊட்டுல இதப் பாத்தா இன்னா ஆவும்?"

"தப்பு என்னுதுதான் அண்ணாத்தே. அரை நாள்ல மாத்திக் குடுக்குறேன்" என்றவருக்கு அப்போதுதான் உறைத்தது. இது இங்கே இருக்கிறதென்றால் அங்கே இருப்பது எது?

கணினியைத் திறந்து பார்த்தார். பார்த்த உடனே டீச்சருக்குப் போன் போட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தார்கள். பின்னால் ஒரே சத்தம்.

"அக்கா, இங்க ஒரு எழுபது எண்பது பேர் வந்திருக்காங்க. பட்டுப்புடவை எல்லாம் கட்டிக்கிட்டு. ஒருத்தர் சுவர்க் கடிகாரம் எடுத்துட்டு வந்து ஹெச்.எம். கையில குடுத்துட்டாரு. ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்குப் புரியுது டீச்சர். நீங்க யாரையும் அனுப்பாதீங்க. நான் வந்துகினே கீறேன்."

ஷட்டரை இறக்குவதற்குள் அடுத்த போன், கணவர் பிரகாசத்துக்கு. ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் முப்பது வருடம் சமைத்து ஓய்வு பெற்றவர். இப்போது விசேஷங்களுக்குச் சமைக்கிறார். எதற்கும் பதறாத ஆள்.

"இந்தாய்யா, எம்பது பேருக்கு ஒரு மணி நேரத்துல இன்னா பண்ண முடியும்?"

"உப்புமா."

"கல்யாண விருந்துன்னு நெனச்சுகினு வந்துக்கீறாங்க."

பிரகாசம் ஒரு நிமிடம் யோசித்தார். "அப்போ முந்திரி போட்டுடலாம்."

ஸ்கூட்டியில் ஆரோக்கியம்மாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மைதானத்து வேப்பமரத்தடியில் கூட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தது. நடுவில் ஜெயராமன், கையில் கடிகாரத்தோடு. "எனக்குக் கல்யாணம் இல்ல, கல்யாணம் இல்ல" என்று அவர் சொல்லச் சொல்ல, வெட்கப்படுகிறார் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரு அம்மாள், "அதெல்லாம் இருக்கட்டும் சார், பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியம்மாள் நடுவில் போய் நின்றார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. இரண்டு வாக்கியத்தில் முடித்தார்.

"சாருக்குக் கல்யாணம் இல்லீங்க. அம்பத்தூர்ல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம், அந்தப் பத்திரிகைய நான்தான் மாத்தி உங்க புள்ளைங்க கம்ப்யூட்டருக்குள்ள போட்டுட்டேன்."

முதலில் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. கடிகாரம் கொண்டுவந்தவர்தான் அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, "சரி, அந்தக் கம்ப்யூட்டர்தான் எங்க? அதையாவது காட்டுங்க" என்றார்.

ஜெயப்பிரியா அந்த வாய்ப்பை விடவில்லை. பன்னிரண்டையும் மரத்தடிக்கு எடுத்து வந்து பிள்ளைகளை உட்கார வைத்தார். பக்கத்தில் பெற்றோர் உட்கார்ந்தார்கள். மைதிலியின் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். மகள் ஒரு வீடு வரைந்ததைப் பார்த்து, "படிக்கட்டு இந்தப் பக்கம் வந்தா மழத்தண்ணி உள்ள வரும்டி" என்று சொல்லி, தானே மவுஸை வாங்கி மாற்றிக் காட்டினார். மகளை வாசிக்கச் சொல்லிப் பொத்தான்களின் பெயரைக் கேட்டுக்கொண்டார். கொலை மிரட்டல் என்று ஜூலையில் புகார் கொடுத்த அப்பாவும் வந்திருந்தார். அவர் மட்டும் ஒவ்வொரு செய்தியையும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மகளைத் தொட விட்டார்.

பன்னிரண்டரை மணிக்குப் பிரகாசம் மினி வேனில் அண்டாவோடு வந்து இறங்கினார். முந்திரி உப்புமா, கேசரி, தேங்காய்ச் சட்னி. இலை போட்டுப் பரிமாறினார்கள். மேலாண்மைக் குழுக் கூட்டமும் நடந்தது. அந்தப் பள்ளியின் வரலாற்றில் கையெழுத்துப் போட இரண்டாவது நோட்டு தேவைப்பட்ட ஒரே கூட்டம் அதுதான் என்று டீச்சர் சொல்கிறார். மடிக்கணினிகளை வாரத்தில் இரண்டு நாள் பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகள் பயன்படுத்தலாம், முறை வைத்து ஒரு பெற்றோர் கூட இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஜெயராமன் பீரோச் சாவியை எடுத்து டீச்சரிடமே கொடுத்துவிட்டார். கேசரி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவருக்கு அடுத்த வாரத்தில் உண்மையாகவே இரண்டு வரன் வந்தது. இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் இரண்டாவது ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார் என்பதைப் பள்ளியில் எல்லோரும் கவனித்தார்கள்.

அயனம்பாக்கம் இப்படி முடிந்தது. உலகம் பாக்கி இருந்தது. அந்தத் தொகுப்பு தமிழ் படிக்கிற எல்லாப் பிள்ளைகளின் மடிக்கணினிக்கும் போயிருந்தது. மலேசியாவில் ஒரு தோட்டத்துப் பள்ளியிலிருந்து, பிள்ளைகள் 'அறுசுவை விருந்து' எப்போது என்று கேட்பதாகக் கடிதம் வந்தது. கனடாவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு அம்மையார் நன்றி தெரிவித்திருந்தார். 'சுற்றம்' என்றால் என்ன என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்ட முதல் நாளாம் அது. யாழ்ப்பாணத்தில் மட்டும் பெரிய துக்கம். ஞானசேகரன் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதியிருந்தார். ஆரோக்கியம்மாள் முதல் தடவையாக அவரைப் போனில் கூப்பிட்டார்.

"ஐயா, தப்பு பண்ணுனது நான். நீங்க எதுக்குப் போறீங்க?"

"நான் பார்த்திருக்க வேணும், பிள்ளை. மணமக்கள் எண்டு கொட்டை எழுத்திலை கிடக்குது. என்ரை கண்ணுக்குத் தெரியேல்லை. 'சுற்றமும் நட்பும் சூழ' எண்டதைக் கண்டவுடனை எனக்கு மற்றதொண்டும் தெரியேல்லை. என்ன ஒரு தமிழ்!"

"அது எல்லாப் பத்திரிகையிலும் வர்ற வரிதான் ஐயா. நானே நாலாயிரம் தபா அடிச்சுக்கீறேன்."



"நாலாயிரம் தரமோ?" என்றார் அவர். "குடுத்து வச்சனீங்கள்."

இருவரும் சேர்ந்து அன்றே திருத்தி அனுப்பினார்கள். ஞானசேகரன் விலகவில்லை. அழைப்பு வரும் இடத்தில் இப்போது "உன் சிநேகிதர் கூப்பிடுகிறார். சேர்ந்து வரையலாமா?" என்று இருக்கிறது. மனோகரன் மகள் கல்யாணத்துக்கு ஆரோக்கியம்மாளும் பிரகாசமும் போய் வந்தார்கள். பந்தியில் பிரகாசம் சாம்பாரைப் பற்றி ஏதோ சொல்லப்போக, ஆரோக்கியம்மாள் அவர் காலை மிதித்து நிறுத்தினாராம்.

மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்கியங்களில் ஆயிரத்து எழுநூறு முடிந்திருக்கிறது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ரெனிதா ஜெராக்ஸுக்குப் போனால் பாதி ஷட்டர் இறக்கியிருக்கும். உள்ளே ஸ்பீக்கர் போட்டு யாழ்ப்பாணத்தோடு சண்டை நடந்துகொண்டிருக்கும். நான் கடைசியாகப் போனபோது, செய்ததை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுபோகிற பொத்தானுக்கு என்ன பெயர் என்பதில் நின்றிருந்தார்கள். அவர் 'செயல்தவிர்' என்கிறார். இவர் 'பழையபடி' என்கிறார். மூன்று மாதமாக முடிவாகாமல் அந்த ஒரு பொத்தானில் எழுத்தே இல்லை, வளைந்த அம்புக்குறி மட்டும்தான் இருக்கிறது. அயனம்பாக்கத்துப் பிள்ளைகள் அதன் பெயர் என்ன என்று கேட்கவே இல்லையாம். ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்குகிறார்கள்.